அடிபட்டது மூளையா, மனமா? போர்வீரர்களுக்குச் சிகிச்சை தரப் பழகுவது எப்படி

"குண்டு வெடிச்சதுல மண்டை கலங்கிப்போச்சுப்பா." போருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் இரவில் தூங்குவதில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார், காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை என்றால், இப்படி ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சினிமாவில் அவர் பட்டாசுச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் பாய்வார். செய்தியில் 'போர் அதிர்ச்சி' என்று வரும். அடிபட்டது மண்டையா, மனமா, இரண்டுமா என்று பிரித்துக் கேட்பவர்கள் குறைவு.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. இவர்களுக்குச் சிகிச்சை தர என்ன தனிப் பயிற்சி வேண்டிக்கிடக்கிறது, படித்தவர்தானே, பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்டால் போதாதா என்பது. போதாது. காதுகொடுத்துக் கேட்பதில் கெட்டிக்காரராக இருப்பதே சில சமயம் தடையாகிவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை.

அமெரிக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2001இல் ஆப்கானிஸ்தானிலும் 2003இல் ஈராக்கிலும் தொடங்கிய போர்களில் சாலையோரக் குண்டுகள்தான் பெரிய ஆபத்து. நல்ல கவசமும் விரைவான மருத்துவ உதவியும் இருந்ததால், முந்தைய போர்களில் இறந்திருக்கக்கூடிய பலர் உயிரோடு வீடு திரும்பினார்கள். ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் ஒரு கணக்குப் போட்டது. அதுவரை அனுப்பப்பட்டவர்கள் 16.4 லட்சம் பேர். அவர்களில் சுமார் 3 லட்சம் பேருக்கு மனவடு (பி.டி.எஸ்.டி.) அல்லது கடும் மனச்சோர்வு இருக்கலாம், சுமார் 3.2 லட்சம் பேருக்கு மூளைக்காயம் ஏற்பட்டிருக்கலாம் என்றது அந்த மதிப்பீடு. இத்தனை பேருக்கும் சிகிச்சை தரத் தெரிந்தவர்கள் எங்கே என்ற கேள்வி அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

சட்டி உடையாது, தயிர் கலங்கும்

முதலில் மூளைக்காயம். கெட்டித் தயிரைச் சட்டியோடு சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறீர்கள். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போடுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டியில் கீறல்கூட இல்லை. உள்ளே தயிர் கலங்கி, ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது. மண்டையோட்டுக்குள் மூளைக்கு நடப்பதும் இதைப் போன்றதுதான். தலை சட்டென்று ஆட்டம் காணும்போது உள்ளிருக்கும் மென்மையான பொருள் குலுங்கி, இழுபட்டு, நரம்பிழைகள் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பாதிக்கப்படுகின்றன. வெளியிலிருந்து வந்த விசையால் மூளைக்கு ஏற்படும் இந்தப் பாதிப்புக்குத்தான் மூளைக்காயம் என்று பெயர்.

குண்டுவெடிப்பு இன்னொன்றையும் சேர்க்கிறது. தீபாவளிக்குப் பக்கத்தில் பெரிய வெடி வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், நெஞ்சில் 'தும்' என்று ஒன்று வந்து மோதும். அது காற்றழுத்த அலை. ராணுவக் குண்டில் அந்த அலை பல மடங்கு பெரிது. தலை எதிலும் மோதாவிட்டாலும் அலை உடலுக்குள் ஊடுருவிப் போகும். இப்படி வெடிப்புகளில் சிக்கி, பின்னாளில் இறந்த சில ராணுவத்தினரின் மூளைகளை டேனியல் பெர்ல் என்ற நோயியல் நிபுணரின் குழு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. வழக்கமான தலையடியில் காணாத ஒரு வகைத் தழும்பு அவற்றில் இருந்தது.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற சொல் 'லேசான'. மயக்கம் 30 நிமிடத்துக்குள், குழப்பமும் மறதியும் ஒரு நாளுக்குள், சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதை லேசான மூளைக்காயம் என்பார்கள். அது அடிபட்ட நேரத்தில் எப்படி இருந்தது என்பதற்கான அளவு. இன்றைக்கு அவர் எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்பதற்கான அளவு அல்ல. அமெரிக்க ராணுவம் 2000 முதல் பதிவுசெய்த மூளைக்காயங்கள் 4.5 லட்சத்துக்கு மேல். அவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் லேசானவை. பெரும்பாலானவை போர்முனையில் ஏற்பட்டவையே அல்ல. பயிற்சி, வாகன விபத்து, விளையாட்டு, கீழே விழுவது என்று சொந்த நாட்டிலேயே நடந்தவை. சினிமா இதைக் காட்டாது.

விடாமல் குரைக்கும் நாய்

இனி மனவடு. ஆங்கிலச் சுருக்கமான பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் இது பலருக்கும் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் புழங்கும் 'மனவடு' என்ற சொல் எனக்குப் பிடித்திருப்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன். புண் ஆறியும் தடம் நிற்பதை அது சொல்லிவிடுகிறது.

வீட்டில் ஒரு காவல் நாய் இருக்கிறது. ஒரு நாள் இரவு திருடன் வந்தான். நாய் குரைத்துக் காப்பாற்றியது. அன்றிலிருந்து அது பால்காரரைப் பார்த்தும் குரைக்கிறது, காற்றில் கதவு ஆடினாலும் குரைக்கிறது, ராத்திரி யாரையும் தூங்கவிடுவதில்லை. நாய் கெட்டுப்போகவில்லை. அன்று கற்ற பாடத்தை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஈராக்கில் சாலையோரம் கிடக்கும் குப்பைப்பையைச் சந்தேகப்பட்டது ஒருவரின் உயிரைக் காத்தது. டெக்சாஸில் அதே சந்தேகம் அவரை வண்டியோட்ட முடியாதவராக ஆக்குகிறது.

மருத்துவர்கள் நான்கு விதமான தொல்லைகளைப் பார்ப்பார்கள். நடந்தது கனவாகவும் பகலில் திடீர்க் காட்சியாகவும் திரும்பி வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தன்னையும் உலகத்தையும் பற்றிய எண்ணம் இருண்டுபோவது, எப்போதும் உஷார் நிலையிலேயே இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது மனவடு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது இடம்பெற்றது 1980இல்தான். வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.

ஆக, மூளைக்காயம் என்பது மூளைத் திசுவில் பட்ட அடி. மனவடு என்பது மூளை கற்றுக்கொண்டு மறக்க மறுக்கும் பாடம்.

இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்?

இரண்டையும் குழப்பிக்கொண்டது நாம் மட்டுமல்ல. முதல் உலகப் போரில் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1915இல் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவ இதழில் அச்சேற்றினார். பீரங்கிக் குண்டின் அதிர்ச்சி என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பிறகு பார்த்தால், குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாத சிப்பாய்களுக்கும் அதே நடுக்கம், அதே பேச்சிழப்பு. பெயர் தவறு என்று தெரிந்தபோது அது ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தது.

நூறு ஆண்டுகளாகியும் சிக்கல் தீரவில்லை. தூக்கமின்மை, எரிச்சல், கவனம் சிதறுவது, மறதி ஆகிய நான்கும் இரண்டு பட்டியலிலும் வரும். ஒரே குண்டு இரண்டையும் உண்டாக்கவும் செய்யும். ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 தரைப்படையினரை சார்ல்ஸ் ஹோஜ் குழு ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. தலையில் அடிபட்டு மயங்கியவர்களில் 43.9 விழுக்காட்டினருக்கு மனவடு அறிகுறிகள் இருந்தன. எந்தக் காயமும் படாதவர்களில் அது 9.1 விழுக்காடு. அடுத்தது இன்னும் முக்கியம். மனவடுவையும் மனச்சோர்வையும் கணக்கில் கொண்டபோது, லேசான மூளைக்காயத்தின் தலையில் கட்டப்பட்டிருந்த உடல்தொல்லைகளில் தலைவலி தவிர மற்றவை அதோடு தனியாகத் தொடர்புடையனவாக நிற்கவில்லை.

சிகிச்சையாளருக்கு இதில் இரண்டு பாடம். எல்லாவற்றையும் 'மூளை அடிபட்டிருக்கிறது' என்று எழுதிவிட்டால், குணப்படுத்தக்கூடிய மனவடு கவனிப்பாரின்றிக் கிடக்கும். எல்லாவற்றையும் 'மனசுதான்' என்று தள்ளிவிட்டால், தலைசுற்றல், வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, விடாத தலைவலி போன்றவற்றுக்கு வேறு நிபுணரிடம் போகவேண்டியவர் போகாமலே இருந்துவிடுவார். அதனால் பயிற்சியின் முதல் பகுதி கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது. அடிபட்ட அன்று நடந்ததை நிமிடம் நிமிடமாகக் கேட்க வேண்டும். எது வரை நினைவிருக்கிறது, அதற்கடுத்த நினைவு எது, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள், எந்தத் தொல்லை அன்றே தொடங்கியது, எது ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்து வந்தது.

சொல்லிலும் கவனம் வேண்டும். லேசான மூளைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் முதல் நாளே "உங்கள் மூளை சேதமாகியிருக்கிறது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னால், சாதாரண மறதியைக்கூட அவர் அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்.

நோயை வளர்ப்பது எது?

நாய் கடித்த ஒரு சிறுவன் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டேன் என்கிறான். சுற்றிப் போகிறான். ஒவ்வொரு முறை சுற்றிப் போகும்போதும் மனதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லன். 'அந்தப் பக்கம் போகாததால்தான் தப்பித்தாய்' என்று அது அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தெருவில் இன்று நாயே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு வழியே இல்லை. இதற்குப் பெயர் தவிர்ப்பு. மனவடு ஆறாமல் வைத்திருப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் கைவைப்பது இங்கேதான். எட்னா ஃபோவா உருவாக்கிய தொடர் எதிர்கொள்ளல் சிகிச்சையில், பாதிக்கப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்வார். அதன் ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்பார். அதோடு, தான் ஒதுக்கிவைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போவார்: முதலில் கூட்டமில்லாத கடை, பிறகு கூட்டமுள்ள கடை, பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹோட்டலில் ஒரு சாப்பாடு. பழைய பாடம் அழிவதில்லை. 'நினைவு வேறு, ஆபத்து வேறு' என்ற புதுப் பாடம் அதன்மேல் ஏறுகிறது. 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம்.

பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய எண்ணச் சீராய்வு சிகிச்சை வேறு வாசலால் நுழைகிறது. வழக்கமாக 12 அமர்வுகள். 'அந்தக் குண்டுக் கம்பியை நான் கவனித்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான்' என்று பத்து ஆண்டுகளாக ஒரே எண்ணத்தில் மாட்டிக்கொண்டிருப்பவரை, அந்த எண்ணத்தைத் தாளில் எழுதி ஆராயவைப்பது இதன் வேலை. அன்று இருட்டில், அந்த வேகத்தில், உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது என்ன? இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களுக்குத் தண்டனை கொடுக்கிறீர்களா? சிகிச்சையாளர் பதில் சொல்லித் தரமாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். இது கேட்க எளிது, செய்ய மகா கஷ்டம்.

லேசான மூளைக்காயமும் சேர்ந்திருந்தால் இந்தச் சிகிச்சைகள் வேலைக்காகாது என்று முன்பு பலர் நினைத்தார்கள். அப்படியில்லை. அமர்வு முடிந்ததும் குறிப்பு எழுதிக் கொடுப்பது, போனில் நினைவூட்டல் வைப்பது, ஒரு நேரத்தில் ஒரே தாளை மட்டும் எடுப்பது போன்ற சின்ன மாற்றங்களோடு செய்ய முடிகிறது.

இந்த இடத்தில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பயத்தைச் சுற்றிப் போகாமல் அதன் வழியாகப் போகவைப்பதுதான் இந்த வைத்தியம். பயிற்சி ஏன் கடினம் என்பது இதிலிருந்துதான் புரியும்.

மேசைக்கு இந்தப் பக்கம்

ஒரு சிகிச்சையாளரை நினைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளராகவோ, சமூகப்பணியாளராகவோ, மனநல மருத்துவராகவோ இருக்கலாம். இளகிய மனசு. எதிரே ஆறடி உயர முன்னாள் சார்ஜென்ட் உட்கார்ந்து, தன் கையில் உயிர்விட்ட நண்பனைப் பற்றிப் பேசத் தொடங்கி, உடைந்து அழுகிறார். அந்தச் சிகிச்சையாளர் என்ன செய்வார்? "போதும், இன்று இத்துடன் நிறுத்திக்கொள்வோம்" என்பார். தண்ணீர் கொடுப்பார். எல்லோருக்கும் இரக்கமாகத்தான் படும். ஆனால் சார்ஜென்ட் கற்றுக்கொண்டு போவது, 'இந்த நினைவு அவ்வளவு ஆபத்தானது, டாக்டருக்கே தாங்கவில்லை' என்பதைத்தான்.

தவிர்ப்பு மேசைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது. அது பல வேஷம் போடும். 'இவர் இன்னும் தயாராகவில்லை' என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுவது ஒன்று. இந்த வாரம் மனைவியோடு சண்டை, அடுத்த வாரம் ஓய்வூதியக் காகிதம் என்று வந்த பிரச்சினையை மட்டும் பேசி அனுப்புவது இன்னொன்று. அதனால்தான் இந்தப் பயிற்சியைத் தகவல் பரிமாறும் வகுப்பு என்று பார்க்கக் கூடாது என்கிறேன். நல்லவராகத் தோன்றவேண்டும் என்ற பழக்கத்தை ஒருவரிடமிருந்து கழற்றி வைக்கிற வேலை இது.

பயிலரங்கு முடிந்த பிறகு

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை 2006-07 வாக்கில் இந்த இரண்டு சிகிச்சைகளிலும் நாடு தழுவிய பயிற்சியைத் தொடங்கியது. 2006இலேயே பெதஸ்டாவிலுள்ள ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில், ராணுவத்திலும் வெளியிலும் இருக்கும் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி தர ஒரு தனி மையமும் வந்தது. இரண்டு முதல் நான்கு நாள் பயிலரங்கோடு ஆரம்பிக்கும். ஆனால் அது எல்.எல்.ஆர். வாங்குவது மாதிரிதான். அதைக் காட்டி யாரும் பஸ் ஓட்டக் கொடுக்கமாட்டார்கள்.

மதுப்பழக்கம் போன்றவற்றுக்குப் பயன்படும் ஓர் உரையாடல் முறையில் வில்லியம் மில்லர் செய்த ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டின. பயிலரங்கு முடிந்தவர்களைக் கேட்டால் 'நன்றாகக் கற்றுக்கொண்டேன்' என்றார்கள். அவர்கள் நடத்திய அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டால் மாற்றம் கொஞ்சம்தான். 2004இல் 140 பேரை வைத்துப் பார்த்தபோது, பயிலரங்கோடு நின்றவர்களிடம் கற்றது சில மாதங்களில் தேய்ந்தது. பின்னூட்டமோ வழிகாட்டியோ கிடைத்தவர்களிடம் நிலைத்தது. மனவடு சிகிச்சையிலும் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் இதே திசையைக் காட்டியது: பயிலரங்குக்குப் பிறகு வாராவாரம் ஆலோசனை பெற்ற சிகிச்சையாளர்களிடம் வந்தவர்கள், அது கிடைக்காதவர்களிடம் வந்தவர்களைவிட அதிகம் தேறினார்கள்.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி அந்த வாராந்தர ஆலோசனைதான். சிகிச்சையாளர் தன் முதல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அனுபவசாலி ஒருவர் போனில் சிறு குழுவோடு மாதக்கணக்கில் பேசுவார். தொடர் எதிர்கொள்ளல் பயிற்சியில் அமர்வின் ஒலிப்பதிவையும் கேட்பார்கள். தன் குரலைத் தானே கேட்பது ஒரு தனிச் சங்கடம். "22ஆவது நிமிடத்தில் அவர் குண்டு வெடித்த இடத்தை நெருங்கினார். நீங்கள் உடனே ஒரு கேள்வி கேட்டுப் பேச்சை மாற்றினீர்கள். ஏன்?" இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கற்றல் நடக்கிறது.

ராணுவ பாஷை எவ்வளவு தெரிய வேண்டும்?

சிலர் பயிற்சி என்றாலே பதவிப் பெயர்களையும் துப்பாக்கி ரகங்களையும் மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. சார்ஜென்ட்டும் லெப்டினன்ட்டும் ஒன்றில்லை என்றுகூடத் தெரியாதவரிடம் யார் மனம் திறப்பார்? ஆனால் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. செய்யக்கூடாதது ஒன்று உண்டு: "ஆளைக் கொன்றிருக்கிறீர்களா?" என்று ஆர்வத்தில் கேட்பது.

துப்பாக்கி பற்றிப் பேசப் பழகுவது அமெரிக்காவில் தவிர்க்க முடியாத பாடம். அங்கே முன்னாள் படைவீரர் தற்கொலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கியால் நடக்கின்றன. துப்பாக்கியைப் பிடுங்குவதுபோலப் பேசினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். நிலைமை மோசமாக இருக்கும் நாட்களில் அதைப் பூட்டிவைக்கவோ நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைக்கவோ அவரையே திட்டமிடச் செய்வது எப்படி என்று நடித்துப் பார்த்துப் பழகுகிறார்கள்.

பயிற்சி இருந்தும்

ரேண்ட் நிறுவனம் 2014இல், அரசு மருத்துவமனைகளுக்கு வெளியே பணிபுரியும் மனநலச் சிகிச்சையாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ராணுவ வாழ்க்கையைப் பற்றிய அறிவு, சோதிக்கப்பட்ட சிகிச்சையில் பயிற்சி இரண்டும் சேர்ந்து தயாராக இருந்தவர்கள் 13 விழுக்காடு மட்டுமே. அதே 2014இலும் பிறகு 2018இலும் வந்த சட்டங்கள் இன்னும் அதிகமான முன்னாள் வீரர்களை வெளிச் சிகிச்சையாளர்களிடம் அனுப்ப வழிசெய்ததால், இந்த எண் வெறும் புள்ளிவிவரமாக இருக்கவில்லை.

பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் சொல்லமாட்டேன். ராணுவத்தினரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த ஒரு மதிப்பாய்வில், இந்த இரண்டு சிகிச்சைகளைப் பெற்றவர்களில் பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஆனால் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, சிகிச்சை முடிந்தும் மனவடு என்ற பெயர் நீங்கவில்லை. பாதியில் நின்றுவிடுபவர்களும் குறைவில்லை.

அப்புறம் ஒரு சாதாரணத் தடை. ஒரு மணி நேரக் கட்டங்களாகப் பிரித்த அப்பாயிண்ட்மென்ட் அட்டவணையில் 90 நிமிட அமர்வை எங்கே வைப்பது? முறையாகப் பயின்று வந்தவரும் இங்கே முட்டிக்கொண்டு, பழையபடி 'இந்த வாரம் எப்படி இருந்தது' என்று கேட்கத் தொடங்கிவிடலாம். அமர்வை 60 நிமிடமாகச் சுருக்கினால் என்ன ஆகும் என்றும் ஆய்வு செய்து பார்த்தார்கள். பலன் குறையவில்லை.